எண்ணுக்கும் ஊர் பேர் வேண்டும்

இன்று காலை நீங்கள் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், உலகப் பெருங்கடல்களில் எங்கெங்கோ சில உருளைகள் நீருக்கு மேலே தலை நீட்டியிருக்கும். ஆண்டெனாவையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். அருகில் கப்பல் கிடையாது, கரை கிடையாது, மனித நடமாட்டம் கிடையாது. செயற்கைக்கோளோடு சிறிது நேரம் பேசிவிட்டு அவை மீண்டும் மூழ்கிவிடும். பிறகு பத்து நாள்களுக்கு அவற்றை யாரும் காண முடியாது.

இவற்றுக்கு ஆர்கோ மிதவைகள் என்று பெயர். 1999-2000 ஆண்டுகளில் இவற்றைக் கடலில் விடத் தொடங்கினார்கள். 2007 நவம்பரில் எண்ணிக்கை 3,000-ஐ எட்டியது. இன்று ஏறத்தாழ 4,000 மிதவைகள் இயங்குகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. இந்தியாவும் அதில் உண்டு. கிரேக்கப் பழங்கதையில் ஜேசன் என்ற வீரன் ஏறிச் சென்ற கப்பலின் பெயர் ஆர்கோ. கடல் மட்டத்தின் உயரத்தை வானிலிருந்து அளக்க 2001-இல் ஏவப்பட்ட செயற்கைக்கோளுக்கு ஜேசன் என்று பெயர் வைத்தார்கள். வானில் ஜேசன், நீரில் ஆர்கோ. இந்தப் பெயர்ப் பொருத்தம் வெறும் அழகுக்காக அல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நான் இங்கே பேச விரும்புவது கடலைப் பற்றி அல்ல. அந்த உருளை அனுப்பும் எண்கள் எங்கே போகின்றன, யார் கையில் சேர்கின்றன, இருபது ஆண்டு கழித்து அவற்றை எடுத்துப் பார்த்தால் பொருள் விளங்குமா என்பதைப் பற்றித்தான். இப்போது உணர்கருவிகளின் காலம். சென்சார் என்றால் உங்கள் தம்பி தங்கைகளுக்குக்கூடத் தெரியும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றில் தூசி, மண்ணின் ஈரம், தொட்டியில் நீர்மட்டம் எல்லாவற்றுக்கும் சில நூறு ரூபாய்க்குள் உணரி கிடைக்கிறது. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களின் வழியாகப் பள்ளிகளுக்கே அவை வந்துவிட்டன. உணரியை இணையத்தோடு இணைத்துக் கைப்பேசியில் எண் ஓடுவதைக் காட்டினால் கண்காட்சியில் கைதட்டல் நிச்சயம்.

எனக்கு அந்தக் கைதட்டலில் சிறிது வருத்தம் உண்டு. எண்ணை உண்டாக்குவது எளிதாகிவிட்டது. அதைப் பேணிக் காப்பது எளிதாகவில்லை. நாம் முதல் வேலையைக் கொண்டாடுகிறோம், இரண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த இரண்டாவது வேலையைச் சரியாகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால், நான் ஆர்கோவைத்தான் முதலில் சொல்வேன்.

மிதவை எப்படி ஏறி இறங்குகிறது? இதில் புதிய பௌதிகம் ஒன்றுமில்லை. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். மிதவைக்குள் எண்ணெய் இருக்கிறது. அடியில் வெளிப்புறமாக ஒரு ரப்பர்ப் பை இருக்கிறது. பம்பு எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் பை உப்புகிறது. மிதவையின் நிறை மாறவில்லை, பருமன் கூடுகிறது. ஆகவே அடர்த்தி குறைகிறது, மிதவை மேலே வருகிறது. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் கீழே போகிறது. 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள்போல நீரோட்டத்தோடு மிதக்கிறது. பிறகு 2,000 மீட்டருக்கு இறங்குகிறது. அங்கே அழுத்தம் ஏறத்தாழ 200 வளிமண்டலம். அங்கிருந்து மேலே ஏறும்போது அழுத்தம், வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகிய மூன்றையும் அளந்துகொண்டே வருகிறது. உப்புத்தன்மையை நேராக அளப்பதில்லை; நீரின் மின்கடத்துதிறனை அளந்து கணக்கிடுகிறார்கள்.

மேலே வந்தபின் தொடங்குவது நம் கதை. தொடக்க கால மிதவைகள் பயன்படுத்திய செயற்கைக்கோள் முறை ஒருவழிப் பாதை. மிதவை பேசும், கேட்டேன் என்று செயற்கைக்கோள் பதில் சொல்லாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத நிலையில் யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? திரும்பத் திரும்பச் சொல்வோம். மிதவையும் ஒரே செய்தியைப் பல மணி நேரம் மறுபடி மறுபடி ஒலிபரப்பியது. கரையில் இருந்தவர்களுக்கு ஒரே செய்தி பல படிகளாக வந்து சேரும்; சில படிகள் வழியில் சிதைந்திருக்கும். ஒவ்வொரு செய்தியிலும் ஒரு சோதனை எண் இருக்கும். மளிகைக் கடைச் சீட்டில் கடைசியில் கூட்டுத்தொகை போட்டிருப்பார்களே, அதைப் போல. கூட்டிப் பார்த்து ஒத்து வந்த படியை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும். பின்னால் வந்த இரிடியம் செயற்கைக்கோள் முறை இருவழிப் பாதை. வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கரையிலிருந்து மிதவைக்குக் கட்டளையும் அனுப்பலாம்.

இதில் ஒரு பாடம் உண்டு. ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் கணக்கில் ஒரு முறைதான் ஏற வேண்டும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இணையத்தோடு இணைந்த எந்த உணரிக்கும் இந்தத் தொல்லை உண்டு. இணைப்பு பாதியில் அறுந்தால் கருவி மறுபடி அனுப்பும். மழைமானி ஒன்று அனுப்பிய 20 மில்லிமீட்டர் இரண்டு முறை பதிவானால் ஊரில் 40 மில்லிமீட்டர் மழை பெய்ததாகிவிடும்.

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள மிதவைகள் இன்னும் ஒரு பாடம் சொல்கின்றன. அங்கே குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பு உறைந்துவிடும். மிதவை ஏறி வரும்போது மேல்நீர் உறைநிலைக்கு அருகில் இருப்பதைக் கண்டால், "மேலே பனிக்கட்டி இருக்கிறது போலும்" என்று முடிவு கட்டி, மேலே வராமல் திரும்பிவிடும்படி செய்திருக்கிறார்கள். அளந்த எண்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பனி விலகிய பிறகு மாதக்கணக்கான அளவீடுகளை மொத்தமாக அனுப்பும். ஆக, ஓர் எண்ணுக்கு இரண்டு நேரங்கள் உண்டு: அளந்த நேரம், வந்து சேர்ந்த நேரம். கடிதத்தில் எழுதியவர் போட்ட தேதியும் தபால் முத்திரைத் தேதியும் வேறு வேறாக இருப்பது போலத்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஜூலை மாதத்துக் குளிர் டிசம்பர் கணக்கில் ஏறிவிடும்.

எந்த நேரம் என்பதும் முக்கியம். ஆர்கோவில் எல்லா நேரமும் உலகப் பொது நேரம்தான். 1950 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் கடந்தது என்று எண்ணி எழுதுகிறார்கள். பசிபிக்கில் மிதந்தாலும் வங்காள விரிகுடாவில் மிதந்தாலும் ஒரே கடிகாரம். ஒரு பள்ளிக் கண்காட்சியில் மாணவர் ஒருவர் ஒரு வாரத்து வெப்பநிலை வரைபடத்தை அழகாக வரைந்து மாட்டியிருந்தார். நாள்தோறும் வெப்பத்தின் உச்சம் காலை எட்டு மணிக்கு வந்திருந்தது! "இது எந்த ஊர் வெயில் தம்பி?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் விழித்தார். பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கருவி கிரீன்விச் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணியைக் கூட்டினால் பிற்பகல் ஒன்றரை. கெட்டிக்காரப் பையன். ஆனால் அந்த அட்டவணையில் "நேரம்" என்று மட்டும்தான் இருந்தது. யாருடைய நேரம் என்று இல்லை. வெயில் ஒரு நாளுக்கு ஒரு முறை உச்சிக்கு வருவதால் பிழை கண்ணில் பட்டது. காற்றிலுள்ள தூசியாக இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

சரி, செயற்கைக்கோளிலிருந்து எண்கள் எங்கே போகின்றன? நம் தபால் துறையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடிதங்களும் டில்லிக்குப் போய்த் திரும்புவதில்லை. அந்தந்த வட்டாரத்திலேயே பிரிக்கிறார்கள். ஆர்கோவிலும் அப்படித்தான். தேசிய மையங்கள் தத்தம் மிதவைகளின் செய்திகளை வாங்கிப் பிரித்துச் சோதித்து, எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவில் எழுதுகின்றன. இந்தியாவுக்கு அந்த வேலையைச் செய்வது ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிலையம். தேசிய மையங்களிலிருந்து எல்லாம் இரண்டு உலக மையங்களுக்குப் போகின்றன. ஒன்று பிரான்ஸில் பிரெஸ்ட் நகரில். மற்றொன்று அமெரிக்காவில் மான்டரே நகரில். இரண்டிலும் ஒரே சரக்குதான். ஒன்று படுத்துவிட்டால் மற்றது இருக்கும். எந்த நாட்டவரும், உங்களைப் போன்ற மாணவரும்கூட, காசு கொடுக்காமல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பல இடங்களிலிருந்து வந்த எண்களை வாங்கி, சோதித்து, அடுக்கி, கேட்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் பொறியாளர்கள் டேட்டா பிளாட்பாரம் என்கிறார்கள். ரயில்வே பிளாட்பாரம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. நாம் தரவு மேடை என்று வைத்துக்கொள்வோம். தரவு என்பது அளந்து பதிவு செய்த விவரம். இன்று பத்துக் கருவிகளுக்குக் கட்டிய மேடை நாளைக்குப் பத்தாயிரம் கருவிகள் வந்தாலும் தாங்க வேண்டும் என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் வேதவாக்கு.

தாங்குவது என்றால் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு எண் அனுப்பும் உணரி ஒரு நாளைக்கு 86,400 எண்களை அனுப்புகிறது. ஒரு நகரத்தில் 10,000 உணரிகள் இருந்தால் ஒரு நாளைக்கு 86 கோடியே 40 லட்சம் எண்கள். பெரிய எண்தான். இதற்குப் பொறியாளர்கள் செய்யும் தந்திரங்களும் நமக்குத் தெரிந்தவைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் ரேஷன் கடையில் வரிசை போடுவதுபோல, வந்த செய்திகளை முதலில் ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு, கணிப்பொறிகள் தம் வேகத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். கூட்டம் கூடினால் இன்னொரு கவுன்டரைத் திறப்பார்கள். கருவி எண்ணை வைத்து, இன்ன எண் முதல் இன்ன எண் வரை இந்தக் கணிப்பொறிக்கு என்று பிரித்துவிடுவார்கள். பழைய எண்களில் வினாடிக் கணக்கை விட்டுவிட்டு நிமிடச் சராசரியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இவையெல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கும் தீர்வுகள்.

ஆர்கோவின் கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 400 மிதவைகள் மேலே வருகின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் ஆழங்களில் மூன்று அளவுகள் எடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். 400 × 3,000 = 12 லட்சம் எண்கள். நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் சில வினாடி வீடியோ இதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பெருங்கடல் முழுவதன் நாடித்துடிப்பு இவ்வளவுதான்! ஆனாலும் இந்த மேடையைக் கட்டவும் காக்கவும் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். ஏன்? இங்கே பெருகுவது எண்களின் தொகை அல்ல. நாடுகள் பெருகுகின்றன, மிதவைகளைச் செய்யும் கம்பெனிகள் பெருகுகின்றன, உணரியின் வகைகள் மாறுகின்றன, ஆண்டுகள் ஓடுகின்றன. 2002-இல் ஒருவர் விட்ட மிதவையின் எண்ணை, அவர் ஓய்வு பெற்ற பிறகு, வேறொரு நாட்டில் வேறொருவர் எடுத்து, நேற்று வந்த எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். என் கருத்தில் இதுதான் உண்மையான தாங்குதிறன். இதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. முதல் நாளிலேயே திட்டமிட்டால்தான் உண்டு.

அதற்கு என்ன வேண்டும்? ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஜாதகம் வேண்டும். சிரிக்காதீர்கள், எனக்கு வேறு நல்ல சொல் அகப்படவில்லை. 28.4 என்று ஓர் எண் தனியாகக் கிடந்தால் அது அனாதை. எந்தக் கருவி அளந்தது, எங்கே, எப்போது, எந்த அலகில், அந்தக் கருவியின் உணரி எந்த வகை, அதன் தொடர் எண் என்ன, கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள் என்பதெல்லாம் கூடவே இருந்தால்தான் அது விஞ்ஞானத்துக்கு உதவும். ஆர்கோ மிதவை ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. உலகம் முழுவதிலும் அந்த எண் அதற்கு மட்டுமே சொந்தம்.

இதனால் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். 2006-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டில் ஜான் லைமன், ஜோஷ் வில்லிஸ், கிரிகரி ஜான்சன் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 2003 முதல் 2005 வரை கடலின் மேற்பகுதி குளிர்ந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1955 முதல் 2003 வரை சேர்ந்த வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டே ஆண்டுகளில் போய்விட்டதாம்! பூமி வெப்பமடைவதால் சேரும் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காடு கடலுக்குள்தான் போகிறது. அந்தக் கடலே குளிர்கிறது என்றால் சாதாரண விஷயமா?

ஆனால் வானத்திலிருந்து ஜேசன் வேறு கதை சொன்னது. கடல் மட்டம் தொடர்ந்து உயர்ந்துகொண்டிருந்தது. நீர் குளிர்ந்தால் சுருங்க வேண்டும், கடல் மட்டம் தாழ வேண்டும். பனி உருகி வந்த நீர் அதை ஈடுகட்டியதா என்று பார்த்தால், அந்தக் கணக்கும் சரியாக ஒட்டவில்லை. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் இருவரையும் மறுபடி விசாரிக்க வேண்டும். விசாரித்தார்கள். 2007-இல் உண்மை வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட வகை மிதவைகளில், ஓர் ஆழத்தில் அளந்த வெப்பநிலை வேறோர் ஆழத்தின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. உணரி சரி, கடல் சரி, வரிசைதான் நழுவியிருந்தது. மூட்டை தூக்கியவரின் கூலியை அடுத்தவர் பெயரில் எழுதியதுபோல. எந்த வகை மிதவை என்பது ஜாதகத்தில் இருந்ததால் அவற்றை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தது. முதலில் வந்த எண்களை அப்படியே வைத்திருந்ததால் பலவற்றைத் திருத்தவும் முடிந்தது. குளிர்ச்சி மறைந்தது. கட்டுரை எழுதியவர்களே முன்வந்து திருத்தம் வெளியிட்டார்கள்.

கதையின் மறுபாதி இன்னும் சுவையானது. அந்தப் போலிக் குளிர்ச்சிக்கு இரண்டாவது காரணமும் உண்டு. ஆர்கோவுக்கு முன், 1960-களிலிருந்து, கப்பல்களிலிருந்து கடலுக்குள் எறியும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். ஒரு முறை எறிந்தால் திரும்பக் கிடைக்காது. மெல்லிய செம்புக் கம்பி வழியாக வெப்பநிலையை மேலே அனுப்பிக்கொண்டே விழும். அதில் அழுத்தம் அளக்கும் உணரி கிடையாது. எவ்வளவு நேரம் விழுந்தது என்பதை வைத்து, ஒரு வாய்பாட்டின்படி ஆழத்தைக் கணக்கிடுவார்கள். கருவி எதிர்பார்த்த வேகத்தில் விழாவிட்டால்? ஆழம் தவறும்; வெப்பநிலையும் தவறான ஆழத்தில் போய் உட்காரும். இந்தக் கருவிகள் கடலைச் சற்றே அதிக வெப்பமாகக் காட்டிவந்தன. பழைய கருவி குறைந்து ஆர்கோ பெருகிய ஆண்டுகளில், கடல் குளிர்வதுபோல ஒரு தோற்றம் வந்துவிட்டது. சரி, இதையும் திருத்திவிடலாமே என்றால், கருவியின் வகைக்கும் அதைச் செய்த கம்பெனிக்கும் ஏற்ப விழும் வேகம் வேறு. பழைய பதிவுகள் பலவற்றில் அந்த வகையே குறிக்கப்படவில்லை. இது இன்ன வகையாக இருக்கலாம் என்று, நாட்டையும் ஆண்டையும் ஆழத்தையும் வைத்து விஞ்ஞானிகள் ஊகிக்க வேண்டியதாயிற்று. ஒரு சொல், ஒரே ஒரு சொல், பதிவின் ஓரத்தில் எழுதாமல் விட்டதன் விலை இது.

தொடர் எண்ணும் இப்படித்தான் ஒரு முறை கைகொடுத்தது. 2009-இல் ஒரு வகை அழுத்த உணரியில் நுண்ணிய கசிவு ஏற்பட்டு, அது படிப்படியாகத் தவறான அழுத்தம் காட்டுவதைக் கண்டுபிடித்தார்கள். புதிய மிதவைகளைக் கடலில் விடுவதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். ஏற்கெனவே விட்டவற்றில் எவை சந்தேகத்துக்குரியவை? எந்த மிதவையில் எந்த உணரி என்று எழுதி வைத்திருந்ததால் தேட வழி இருந்தது. நடுக்கடலில் இருப்பதை எடுத்துப் பிரித்துப் பார்க்கவா முடியும்?

சந்தேகமான எண்ணை என்ன செய்வது? அழித்துவிடலாம் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் ரப்பர் வைத்துத் தேய்ப்பதை எங்கள் கல்லூரியிலும் பார்க்கிறேன். ஆர்கோவில் யாரும் எதையும் தேய்ப்பதில்லை. செய்தி வந்த 24 மணி நேரத்துக்குள் கணிப்பொறி சில கேள்விகள் கேட்கிறது. மிதவை நிலத்தின் மேல் இருப்பதாகக் காட்டுகிறதா? எந்த நீரோட்டத்துக்கும் இயலாத வேகத்தில் நகர்ந்திருக்கிறதா? அடர்த்தி மிகுந்த நீர், அடர்த்தி குறைந்த நீரின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? செங்கடலின் ஆழத்தில் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கே குளிர்நீர் தென்படுகிறதா? இதற்கெல்லாம் பிறகு எண்ணின் பக்கத்தில் ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. 1 என்றால் நல்லது; 4 என்றால் கெட்டது; 2, 3 இடைப்பட்டவை; 9 என்றால் எண்ணே இல்லை. பிறகு, சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை கழித்து, நிபுணர் ஒருவர் அக்கம்பக்கத்து மிதவைகளோடும் பழைய பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். திருத்த வேண்டியிருந்தால், திருத்திய எண்ணை வேறொரு பத்தியில் எழுதுகிறார். பழைய எண் பழைய இடத்தில் அப்படியே இருக்கும்.

குறியிடுவதற்கும் அழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓசோன் ஓட்டையின் கதையில் காணலாம். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைவதை 1985-இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள். தரையிலிருந்த கருவி கொண்டு கண்டார்கள். மேலே நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதலே சுற்றிக்கொண்டிருந்தது. அது கண்ட மிகக் குறைந்த அளவுகளை "நம்பத் தகாதது" என்று கணிப்பொறி தூக்கி எறிந்துவிட்டது என்று பலரும் எழுதுவார்கள். அது சரியன்று. தூக்கி எறியவில்லை, சந்தேகக் குறி போட்டு வைத்திருந்தது. அதனால்தான் பின்னால் எடுத்துப் பார்த்து, ஓட்டை எவ்வளவு பெரிது என்று படமே வரைய முடிந்தது. நிஜமாகவே எறிந்திருந்தால் அந்த ஆண்டுகளின் வானத்தை மறுபடி அளக்க எந்தப் பணத்தாலும் முடியாது.

"ஐயா, இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகளுக்கு, எங்கள் பள்ளி மாடியிலுள்ள ஒரே ஒரு உணரிக்கு எதற்கு?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வினாடிக்கு ஒரு எண் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி போதும் என்றால் அப்படியே செய்யுங்கள்; ஆனால் அது சராசரி என்று எழுதி வையுங்கள், எத்தனை எண்களின் சராசரி என்றும் எழுதுங்கள். உணரியை நிழலில் வைத்தீர்களா, தகரக் கூரையின் மேல் வைத்தீர்களா என்று எழுதுங்கள். இடம் மாற்றினால் மாற்றிய நாளை எழுதுங்கள். இதற்குப் பெரிய மேடை வேண்டாம். இரண்டு மூன்று பத்திகள் கூடுதலாகப் போட்டால் போதும். ஒரே மாவட்டத்தில் ஐம்பது பள்ளிகள் இப்படி எழுதி வைத்தால், அவற்றை ஒன்று சேர்க்க ஒரு நாள் வேலை. எழுதாவிட்டால் ஐம்பது தனித்தனி வரைபடங்கள் சுவரில் தொங்கும், சேர்க்கவே முடியாது.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையை ஆசிரியர்களும் படிக்கிறார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். திறப்பு விழாவுக்கும் ஒதுக்குகிறோம். பத்தாண்டு அந்த எண்களைக் காத்துத் திருத்தி வைக்கும் ஆளுக்கு ஒதுக்குவதில்லை. கருவி புகைப்படத்தில் விழுகிறது. அட்டவணையின் நான்காவது பத்தியில் 1 என்றும் 4 என்றும் போடுபவர் விழுவதில்லை. என்னைக் கேட்டால், நூறு உணரிகளுக்குப் பணம் இருந்தால் எழுபதை மட்டும் வாங்கி, மீதியில் ஓர் ஆளை அமர்த்துங்கள் என்பேன். உணரியை மாற்ற முடியும். போன ஆண்டு மழையை மறுபடி பெய்யச் சொல்ல முடியாது.

வங்காள விரிகுடாவைப் பற்றி ஒரு வார்த்தை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும் மழை நீரும் அங்கே கடலின் மேல் உப்புக் குறைந்த மெல்லிய அடுக்காகப் பரவி நிற்கின்றன. அடர்த்தி குறைந்த அந்த அடுக்கு கீழேயுள்ள குளிர்ந்த நீரோடு எளிதில் கலப்பதில்லை. ஆகவே மேல்நீரின் வெப்பம் எளிதில் குறைவதில்லை. அந்த வெப்பந்தான் புயலுக்குத் தீனி. இதை அளந்து சொல்ல வெப்பநிலை மட்டும் போதாது, உப்புத்தன்மையும் வேண்டும். அதுவும் திருத்தமாக வேண்டும். ஆண்டுகள் போகப் போக, மின்கடத்துதிறன் அளக்கும் சிறு குழாயில் கடலின் நுண்ணுயிர்கள் படிந்து எண் மெல்ல நழுவத் தொடங்கும். நழுவியது கடலா, கருவியா என்று பிரித்தறிவது மறுபடி அந்த நிபுணரின் வேலைதான்.

இப்போது ஆர்கோ விரிவடைந்து வருகிறது. 6,000 மீட்டர் ஆழம் வரை போகும் மிதவைகளும், கரைந்துள்ள ஆக்சிஜன், நைட்ரேட், அமிலத்தன்மை ஆகியவற்றை அளக்கும் மிதவைகளும் சேர்ந்திருக்கின்றன. 2002-இல் எழுதிய கோப்பையும் நேற்று எழுதிய கோப்பையும் இன்றும் ஒரே நிரலால் படிக்க முடிகிறது. இன்காய்ஸ் நிலையத்தின் இணையதளத்திலோ பிரெஸ்ட் மையத்திலோ நீங்களே ஒரு மிதவையின் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆழத்தையும் வெப்பநிலையையும் எடுத்து வரைபடத்தாளில் குறியுங்கள். நூறு மீட்டரை ஒட்டி வெப்பநிலை மளமளவென்று சரிவதைக் காண்பீர்கள். பக்கத்துப் பத்தியில் 4 என்ற குறி எங்கேனும் இருந்தால், அந்தப் புள்ளியையும் குறியுங்கள்; வேறு நிற மையில்.